நின்டெண்டோ ஸ்விட்சில் பேச ஒரு ஹெட்செட்: பெட்டியைப் பிரித்த முதல் அரை மணி நேரம்

புது ஹெட்செட் வந்ததும் பெரும்பாலோர் செய்வது இதுதான்: காதில் மாட்டி, ஒரு விளையாட்டைத் திறந்து, வெடிச்சத்தம் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பது. நன்றாகக் கேட்டால் பெட்டியையும் பில்லையும் எங்கோ வைத்துவிடுவார்கள். கூட்டாளிகளோடு பேசுவதற்காக வாங்கியதென்றால் இது பாதிச் சோதனைகூட இல்லை. உங்கள் மைக் எப்படி ஒலிக்கிறது என்பது உங்கள் காதுக்குத் தெரியாது, எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே முதல் அரை மணி நேரத்தில் பெரும்பகுதியை மைக்குக்கே கொடுங்கள்.

இந்த வழிகாட்டி நின்டெண்டோ ஸ்விட்சை மனதில் வைத்து எழுதப்பட்டது. கையடக்கக் கருவிகளில் குரல் அரட்டை விஷயத்தில் அதிகம் குழப்புவது அதுதான். ‘மைக் வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் பல ஹெட்செட்களில் மைக் நன்றாகவே இருக்கும். ஒயர் முனையில் உள்ள உலோகப் பின் பொருந்தியிருக்காது, அல்லது குரல் போக வேண்டிய வழியே வேறாக இருக்கும்.

முதலில் குரல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

2017 மார்ச்சில் வெளிவந்த முதல் ஸ்விட்சிலும், பின்னால் வந்த லைட், ஓலெட் மாடல்களிலும் கருவிக்குள் மைக் கிடையாது. மேல் விளிம்பில் 3.5 மி.மீ. ஜாக் ஒன்று இருக்கிறது. அதில் மைக் உள்ள ஹெட்செட்டைக் குத்தலாம். ஆனால் அந்த மைக்கைக் கேட்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது கருவி அல்ல, விளையாட்டு.

ஃபோர்ட்நைட் 2018 ஜூனில் ஸ்விட்சுக்கு வந்த சில நாட்களிலேயே ஜாக் வழியாக நேரடியாகப் பேச முடிந்தது. வார்ஃப்ரேமும் அப்படியே. இவற்றில் ஹெட்செட்டைக் குத்தினால் போதும், ஃபோன் தேவையில்லை. ஸ்பிளாட்டூன், மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் போன்ற நின்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் வேறு வகை. அவற்றுக்கான குரல் அரட்டை 2017 ஜூலையில் வந்த ஃபோன் ஆப் வழியாக நடக்கிறது. விளையாட்டின் ஒலி கருவியிலிருந்தும், கூட்டாளியின் குரல் ஃபோனிலிருந்தும் வரும். அந்த விளையாட்டுகளில் ஹெட்செட்டை ஸ்விட்சில் குத்திவிட்டு எவ்வளவு கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. அந்த ஆப்புக்கு நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவும் வேண்டும், அரட்டை அறையும் விளையாட்டுக்குள் லாபிக்கு, அதாவது ஆட்டம் தொடங்குமுன் காத்திருக்கும் இடத்துக்கு, போன பிறகுதான் திறக்கும்.

மூன்றாவது வழி 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2-இல் இருக்கிறது. கருவியிலேயே மைக் உண்டு. வலது கன்ட்ரோலரில் உள்ள ‘சி’ பட்டனை அழுத்தினால் கேம்சாட் என்ற குரல் அரட்டை வசதி திறக்கும். எந்த விளையாட்டு ஓடினாலும் பேசலாம், 12 பேர் வரை ஒரே அறையில் இருக்கலாம். ஜாக்கில் ஹெட்செட் குத்தினால் அதன் வழியே பேசலாம். 2026 மார்ச் 31 வரை இது இலவசம் என்றும், அதன்பின் சந்தா தேவை என்றும் நின்டெண்டோ அறிவித்திருந்தது. பதிவு செய்யும்போது ஃபோன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் தங்கள் ஃபோனில் உள்ள பேரன்டல் கன்ட்ரோல்ஸ் ஆப்பில் அனுமதி தர வேண்டும். இந்த அனுமதி இல்லாமல் பிள்ளை தவிக்க, பெற்றோர் ஹெட்செட்டை மாற்றிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

உங்கள் விளையாட்டு இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஹெட்செட்டையே வாங்க வேண்டும். வாங்கிவிட்டீர்கள் என்றால் இப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னைக் கையில் எடுத்துக் கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள்

உலோகப் பின்னில் குறுக்காகக் கறுப்பு அல்லது வெள்ளைக் கோடுகள் இருக்கும். மூன்று கோடு இருந்தால் பின் நான்கு பாகமாகப் பிரிந்திருக்கிறது: இடது காது, வலது காது, பொது இணைப்பு, மைக். இரண்டே கோடு இருந்தால் மூன்று பாகம்தான், அதில் மைக்குக்கு இடமில்லை. பெட்டியில் ‘மைக் உண்டு’ என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் இரண்டு கோடு பின் தனியாக ஸ்விட்சில் பேசாது.

கணினிக்கென்று செய்த ஹெட்செட்களில் இரண்டு பின்கள் வரும், பச்சை கேட்க, சிவப்பு அல்லது ரோஸ் பேச. இவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு பெண் முனையும், மூன்று கோடு போட்ட ஓர் ஆண் பின்னும் கொண்ட ஒய் ஒயர் கிடைக்கும். கடையில் கேட்கும்போது ‘ஸ்பிளிட்டர்’ என்று மட்டும் சொன்னால், ஒரு ஜாக்கில் இரண்டு பேர் பாட்டுக் கேட்கும் ஒயரைக் கொடுத்துவிடுவார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. ஹெட்போன் படமும் மைக் படமும் தனித்தனியாக அச்சிட்ட முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

மலிவு ஹெட்செட்களில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. 3.5 மி.மீ. பின்னோடு யூஎஸ்பி பின் ஒன்றும் தொங்கும். பலர் அதில்தான் மைக் ஓடுகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காதுக் கிண்ணத்தில் எரியும் வண்ண விளக்குக்கு மின்சாரம் தருவதற்கு மட்டுமே, ஒலி அதில் போகாது. கையில் வைத்து விளையாடும்போது அந்த யூஎஸ்பி பின் மடியில் கிடந்து இழுபடும். கையடக்கக் கருவிக்கு விளக்கு போட்ட ஹெட்செட் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தக் காசுக்கு நல்ல காது மெத்தை கிடைக்கும்.

அடுத்தது ஒயர் வரிசை. நான்கு பாகப் பின்னில் இரண்டு வழக்கம் உண்டு. இப்போதைய ஃபோன்களும் ஸ்விட்சும் பின்பற்றும் சிடிஐஏ முறையில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது பொது இணைப்பு, அடிப்பாகம் மைக். ஓஎம்டிபி என்ற பழைய முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட பழைய ஹெட்செட்டைக் குத்தினால் ஒலி வரும், ஆனால் குகைக்குள் இருந்து வருவது போல வெறுமையாக இருக்கும். பின்னணி இசை கேட்கும், நடுவில் பேசும் பாத்திரங்களின் குரல் காணாமல் போகும். காரணம் எளிது. பொது இணைப்பு ஒழுங்காகக் கிடைக்காததால் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடுகின்றன. இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும், இரண்டிலும் சமமாக உள்ள குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் திடீரென்று ஒலி சரியாகும். அப்படி ஆனால் வரிசைதான் தவறு, சந்தேகமே வேண்டாம். பத்து, பதினைந்து ஆண்டு பழைய ஃபோனோடு வந்த இயர்போன்களில் இதைக் காணலாம்.

ஆனால் இதே குகை ஒலி, பின் முழுதாக உள்ளே போகாதபோதும் வரும். ஸ்விட்சுக்குத் தடிமனான உறை போட்டிருந்தால் முதலில் உறையைக் கழற்றிவிட்டுக் குத்திப் பாருங்கள். உறையின் துளை குறுகலாக இருந்தால் பின்னின் பிளாஸ்டிக் கழுத்து அதில் முட்டி, உலோகம் ஒரு மி.மீ. வெளியே நின்றுவிடும். அந்த ஒரு மி.மீ. போதும், மைக் தொடர்பு அறுந்துவிடும். கழுத்து ஒல்லியான பின்னே நல்லது. எல் வடிவப் பின் ஒயர் முறியாமல் காக்கும். ஆனால் முதல் ஸ்விட்சில் ஜாக்குக்குப் பக்கத்திலேயே கேம் கார்டு மூடி இருப்பதால், வளைந்த கழுத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை ஃபோனில்

ஸ்விட்சில் குரலைப் பதிந்து கேட்கும் வசதி கிடையாது. அதனால் ஹெட்செட்டை முதலில் ஃபோனில் குத்துங்கள். 3.5 மி.மீ. ஜாக் உள்ள பழைய ஃபோன் வீட்டில் ஏதாவது ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும், அது போதும். வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து பதிவு செய்யுங்கள். பதிவது ஹெட்செட் மைக்தானா, ஃபோனின் மைக்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்செட் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டினால் பதிவில் ‘டொக்’ என்று பெரிதாகக் கேட்க வேண்டும்.

பேசுவதற்கு ‘ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்’ உதவாது. அதில் மைக்கின் குறை எதுவும் வெளிப்படாது. இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள்:

பட்டுப்பாவாடைப் பாப்பா பப்பாளிப் பழம் பறித்தாள்.
சீசாவில் சுக்கு, ஸ்பூனில் ஷர்பத், சட்டியில் சோறு.
வாலை, வாளை, வாழை.

முதல் வரி காற்றுக்கு. ‘ப’ சொல்லும்போதெல்லாம் ‘பூம்’ என்று இடித்தால் மைக் வாய்க்கு நேரே இருக்கிறது என்று பொருள். வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, கன்னத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். பலர் இடி கேட்டதும் மைக்கைத் தூரமாக இழுக்கிறார்கள். அப்போது இடி குறையும், கூடவே குரலும் குறைந்து அறையின் எதிரொலி ஏறும். தூரத்தை மாற்றாமல் கோணத்தை மாற்றுவதே சரி.

இரண்டாம் வரி மேல் அலைவரிசைக்கு. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ மூன்றும் ஒரே மாதிரி ‘ஃப்’ என்று கேட்டால், மைக் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளதை விழுங்குகிறது. சில மலிவு மைக்குகளும், புளூடூத்தின் பழைய அழைப்பு முறையும் இப்படித்தான் ஒலிக்கும். ஆட்டத்தின் நடுவில் ‘செவுத்துப் பக்கம்’ என்பதும் ‘தெற்குப் பக்கம்’ என்பதும் குழம்பினால் உங்கள் அணி தோற்கும்.

மூன்றாம் வரியில் மூன்று சொல்லும் தனித்தனியாகக் கேட்டால் அந்த மைக் தமிழ் பேசத் தகுந்தது. கேட்காவிட்டால் உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். மைக்கை அரை அங்குலம் நெருக்கி இன்னொரு முறை பாருங்கள்.

ஃபோனில் எதுவுமே பதிவாகவில்லையா? ஹெட்செட் பழுது என்று முடிவு கட்டுமுன் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒயரின் நடுவில் உள்ள சிறு பெட்டியில் மியூட் பொத்தான் தள்ளியிருக்கலாம். மைக் தண்டை மேலே தூக்கினால் தானே மியூட் ஆகும் வகையாக இருக்கலாம். இவை இரண்டையும்விட அதிகம் நடப்பது மூன்றாவது: கழற்றி மாட்டும் மைக் முழுதாக உள்ளே போயிருக்காது. ‘க்ளிக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள், பக்கத்தில் சிறு பள்ளம் இருந்தால் அதற்கு நேராகத் திருப்பி அழுத்துங்கள். காதுக் கிண்ணத்திலிருந்து ஒயரே கழலும் மாடல் என்றால் கூட வந்த ஒயரைத்தான் போட வேண்டும். வீட்டில் கிடக்கும் வேறு ஒயரில் கேட்கும், பேசாது.

ஃபோனில் தேறியதும் ஸ்விட்சுக்கு வாருங்கள்

முதலில் ஒலி அளவு. சிஸ்டம் செட்டிங்ஸ் போய், சிஸ்டம் பகுதியில் ஹெட்போன் ஒலியின் உச்சத்தைக் குறைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை இயக்கத்தில் வையுங்கள். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பதுதான் பாதுகாப்பான வரம்பு. அதே இடத்தில், ஹெட்போன் கழன்றால் ஒலியை நிறுத்தும் தேர்வும் உண்டு. பேருந்திலோ ரயிலிலோ ஒயர் இழுபட்டுப் பின் கழன்றால் மொத்தப் பெட்டிக்கும் உங்கள் விளையாட்டு கேட்காமல் இது காக்கும்.

பிறகு விளையாட்டு. ஃபோர்ட்நைட்டில் செட்டிங்ஸைத் திறந்து, ஆடியோ பகுதியில் வாய்ஸ் சாட் இயங்குகிறதா என்று பாருங்கள். எப்போதும் திறந்திருக்கும் மைக், அழுத்தினால் பேசும் மைக் என்று இரண்டு முறை இருக்கும். சோதனைக்குத் திறந்த மைக்கை வையுங்கள். பேசும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக் குறி மின்ன வேண்டும். குறி மின்னியும் கூட்டாளிக்குக் கேட்கவில்லை என்றால் பிரச்சினை அவர் பக்கம், அல்லது நீங்கள் இருவரும் வேறு வேறு சானலில் இருக்கிறீர்கள். குறியே மின்னவில்லை என்றால் இங்கே தேடுங்கள்: கருவியின் பேரன்டல் கன்ட்ரோலில் பிறரோடு தொடர்புகொள்வது தடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது கணக்கில் உள்ள பிறந்த தேதிப்படி பிள்ளை 13 வயதுக்குக் கீழ் என்றால், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் கணக்குக்குப் பெற்றோர் ஒப்புதல் தரும்வரை குரல் அரட்டை பூட்டியே இருக்கும். இந்தப் பூட்டு திறக்காமல் ஹெட்செட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

எதிர்முனையில் இருப்பவரிடம் ‘கேட்குதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘கேட்குது’ என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். மூன்று கேள்வி கேளுங்கள். விளையாட்டுச் சத்தத்துக்கு மேலே என் குரல் வருகிறதா? நான் பேசாதபோது என்ன கேட்கிறது? உங்கள் குரலே உங்களுக்குத் திரும்ப வருகிறதா?

இரண்டாம் கேள்விக்கு நம் வீடுகளில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபேன். தலைக்கு மேல் சுற்றும் விசிறியின் காற்று நேராக மைக்கில் இறங்கினால் ‘புர்ர்’ என்று ஓயாமல் கேட்கும். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டினால் பாதி அடங்கும். பெட்டியோடு வந்த பஞ்சைத் தூக்கிப் போட்டிருந்தால் குப்பையில் தேடி எடுங்கள். மீதிக்கு, உட்காரும் இடத்தை விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளிப் போட்டாலே போதும். எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்கில் குக்கர் விசில்கூடத் தெளிவாகப் போகும். வாய்ப்பக்கத்தை மட்டும் கேட்கும் கார்டியாய்ட் மைக் இருந்தால் அதன் முகப்பு எது என்று பார்த்து வாய்ப்பக்கம் திருப்புங்கள். தண்டு முறுக்கிக்கொண்டு முகப்பு வெளியே பார்த்திருந்தால், வீட்டுச் சத்தம் பெரிதாகவும் உங்கள் குரல் சிறிதாகவும் போகும்.

மூன்றாம் கேள்வி பலரைச் சண்டைக்கு இழுப்பது. எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவரிடம் குறை இல்லை. அவர் குரல் இன்னொருவர் வீட்டு ஸ்பீக்கரிலிருந்தோ, தளர்ந்த காதுக் கிண்ணத்திலிருந்தோ கசிந்து, அங்குள்ள மைக்கில் ஏறித் திரும்பி வருகிறது. ஆக, கூட்டத்தில் எதிரொலி கேட்காத ஒருவர் இருந்தால் முதலில் அவரைத்தான் ஒலியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக மியூட் செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும்.

‘ங்ஙொய்’ என்ற மெல்லிய ரீங்காரம் வேறு கதை. ஸ்விட்சைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றால் சார்ஜர்தான் காரணம், கருவியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். நிற்காவிட்டால் ஒயருக்குப் பக்கத்தில் ஃபோன் கிடக்கிறதா என்று பார்த்துத் தள்ளி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, ஹெட்செட்டுக்கும் குரலுக்கும் சேர்த்து. இரண்டு காதையும் இறுக்கி மூடும் கிண்ணங்களில் உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது. சொந்தக் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதி சாதாரண ஒயர் ஹெட்செட்களில் இருக்காது. அதனால் தெரியாமலே கத்த ஆரம்பிப்பீர்கள், இரவு பதினொன்றுக்குப் பக்கத்து அறை எழுந்துவிடும். ஒரு கிண்ணத்தைக் காதுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தால் குரல் தானே இறங்கும்.

ஃபோன் ஆப் விளையாட்டுகளுக்கு

இரண்டு ஒலிகளை ஒரே காதில் சேர்ப்பதே இங்கு வேலை. ஸ்பிளாட்டூன் 2 வந்தபோதே ஹோரி நிறுவனம் கணவாய் வடிவக் கலவைப் பெட்டி ஒன்றை ஹெட்செட்டோடு விற்றது. ஒரு ஒயர் ஸ்விட்சுக்கு, ஒரு ஒயர் ஃபோனுக்கு, நடுவில் ஹெட்செட். பார்த்தவர்கள் ஒயர்க் காட்டைக் கண்டு மிரண்டார்கள், ஆனால் அந்த வழிமுறை சரியானது. அதுபோன்ற சிறு மிக்சர் கிடைத்தால் வாங்கலாம்.

கிடைக்காவிட்டால், இருவர் கேட்கும் ஒய் ஒயரைத் தலைகீழாகப் பயன்படுத்தி ஸ்விட்ச், ஃபோன் இரண்டையும் ஒரே ஹெட்போனில் இணைத்துவிடாதீர்கள். இரண்டு கருவிகளின் வெளியீடும் ஒன்றுக்குள் ஒன்று பாயும். ஒலி சிதையும், வெளியீட்டுச் சுற்றுக்கும் நல்லதல்ல. செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. மைக் உள்ள சிறு இயர்போனை ஃபோனில் குத்தி அதன் ஒரு முனையை மட்டும் காதில் வையுங்கள். அதற்கு மேல் ஸ்விட்சில் குத்திய பெரிய ஹெட்போனை மாட்டுங்கள். ஃபோனுக்கு ஒரு காது, விளையாட்டுக்கு இரண்டு காது. பார்க்க அழகாக இராது, ஆனால் கூட்டாளியின் குரல் வெடிச்சத்தத்தில் மூழ்காது, இரண்டின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம்.

புளூடூத் ஹெட்செட் வாங்கியிருந்தால்

2021 செப்டம்பரில் வந்த 13.0.0 அப்டேட்டுக்குப் பிறகு ஸ்விட்சில் புளூடூத் ஒலி கேட்கும். கேட்கும், அவ்வளவுதான். புளூடூத் மைக்கை அது ஏற்காது. எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்செட்டாக இருந்தாலும் இதில் விலக்கில்லை. புளூடூத் ஒலி ஓடும்போது கம்பியில்லாத கன்ட்ரோலர்கள் இரண்டுக்கு மேல் இணையாது, அருகில் உள்ள கருவிகளோடு நேரடியாகச் சேர்ந்து ஆடும் லோக்கல் முறைக்குப் போனால் ஒலி அறுந்துவிடும். பத்து ஹெட்செட் வரை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். தாமதமும் உண்டு: பொத்தானை அழுத்திய பிறகு அடி விழும் சத்தம் சற்றுப் பின்தங்கி வரும். கதை விளையாட்டுக்குச் சரி. தாளம் பிடித்து ஆடும் விளையாட்டுக்கும், காலடிச் சத்தம் கேட்டுச் சுடும் விளையாட்டுக்கும் உதவாது.

கருவியின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் சில புளூடூத் டிரான்ஸ்மிட்டர்களோடு, 3.5 மி.மீ. ஜாக்கில் குத்தும் சுண்டுவிரல் நுனி அளவு மைக் ஒன்று வரும். கேட்பது கம்பியில்லாமல், பேசுவது கருவியில் குத்திய மைக் வழியே. ஏற்கெனவே நல்ல புளூடூத் ஹெட்போன் இருப்பவர்களுக்கு அது ஏற்ற ஏற்பாடு. ஆனால் மைக் கருவியின் விளிம்பில் இருப்பதால் பொத்தான் அழுத்தும் ‘டக் டக்’ அத்தனையும் கூட்டாளிக்குப் போகும். டிரான்ஸ்மிட்டர், முதலில் வந்த ஸ்விட்சின் அடியில் உள்ள யூஎஸ்பி சி-போர்ட்டில் செருகப்படுவதால் கருவியை மேசையில் நிறுத்தி வைக்கவும் இடைஞ்சல்.

டிவியில் ஆடும்போது

டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தாலும் ஸ்விட்சின் மேல் விளிம்பு ஜாக் வெளியேதான் இருக்கும், ஹெட்செட்டைக் குத்திப் பேசலாம். இடைவெளிதான் பிரச்சினை. ஹெட்செட் ஒயர் 1.2 மீட்டர் இருக்கும், சோபா இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும். நீட்டிப்பு ஒயர் வாங்கும்போது அதன் பின்னிலும் மூன்று கறுப்புக் கோடு இருக்க வேண்டும். பாட்டுக் கேட்கும் இரண்டு கோடு நீட்டிப்பில் மைக் பேசாது, சில நேரம் மேலே சொன்ன குகை ஒலியும் வந்து சேரும். மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம், கால் தடுக்கி டாக்கோடு கருவியும் கீழே வரும். பழைய ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலரில் ஹெட்போன் ஜாக் கிடையாது. ஸ்விட்ச் 2-க்கு வந்த புரோ கன்ட்ரோலரில் உண்டு, அதில் குத்தினால் ஒயர்த் தொல்லையே தீர்ந்தது.

பழைய கருவிகளை எடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டெண்டோ டிஎஸ்ஸில் மைக் தொடர்பு ஹெட்போன் துளைக்குள் இல்லை, அதற்குப் பக்கத்தில் உள்ள தனிப் பள்ளத்தில் இருக்கிறது. அதற்கென்று செய்த ஹெட்செட் மட்டுமே அதில் பேசும், இன்றைய நான்கு பாகப் பின்னை எப்படித் திருப்பினாலும் மைக் வராது. சோனியின் பிஎஸ்பி கருவியின் முதல் மாடல்களிலும் ஹெட்போன் துளையோடு ஒட்டிய தனி இணைப்பு வழியாகத்தான் மைக் போகும். 3000 மாடலில் கருவிக்குள்ளேயே மைக் வைத்துவிட்டார்கள்.

ஒயர்ப் பின் பழுதானால்

ஒயர் ஹெட்செட்டில் முதலில் சாவது ஸ்பீக்கரோ மைக்கோ அல்ல, பின்னின் கழுத்து. கருவியைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றிப் பையில் போடுவதால் அங்கே உள்கம்பி முறிகிறது. உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, பின்னைத் தனியே விட்டு வையுங்கள். ஒயரை ஆட்டினால் மைக் வந்து வந்து போகிறதென்றால் முறிவு தொடங்கிவிட்டது. அப்படி முடிவு கட்டுமுன் ஒருமுறை ஜாக்கையும் பாருங்கள். உள்ளே துணிப் பஞ்சு அடைந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். கருவியை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல வெளியே எடுக்கலாம். ஊசியோ ஹேர்பின்னோ வேண்டவே வேண்டாம்.

முறிந்தது உறுதியானால் ஹெட்செட்டை எறிய வேண்டியதில்லை. மொபைல் ரிப்பேர் கடையில் புது நான்கு பாகப் பின் போட்டுத் தருவார்கள். உள்கம்பிகள் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதைச் சுட்டு நீக்கிய பிறகுதான் ஈயம் பிடிக்கும். அவசரமாகப் பற்றவைத்தால் இரண்டு நாளில் மறுபடி விடும். மாடலுக்கு மாடல் நிறம் மாறும் என்பதால், எது மைக் கம்பி என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மைக் அடிப்பாகத்திலும், பொது இணைப்பு அதற்கு மேல் வளையத்திலும் வர வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்தே கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கடையிலேயே, அவர்கள் ஃபோனில் குத்தி, பப்பாளிப் பழம் வரியைப் பதிந்து கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.